சக்கர நாற்காலிக்கு 5, காருக்கு 18

2025 செப்டம்பர் 22, நவராத்திரியின் முதல் நாள். நாடு முழுவதும் கார் ஷோரூம்களில் விலைப்பட்டியல் மாறியது. சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதன்மேல் வசூலித்துவந்த இழப்பீட்டு செஸ் வரியும் போனது. கார் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்த நடுத்தரக் குடும்பங்களுக்கு அது நல்ல நாள்தான். ஆனால், கை கால் இயக்கக் குறைபாட்டோடு கார் ஓட்டும் மாற்றுத்திறனாளிகளுக்கு அன்று ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அதற்கு முன்பே அவர்கள் 18 சதவீதம்தான் கட்டிவந்தார்கள். அவர்களுக்கென்று தனியாக இருந்த சலுகை எல்லோருக்குமான பொது விகிதமாகிவிட்டது. சலுகையை ரத்து செய்கிறோம் என்று யாரும் அறிவிக்கத் தேவையே இல்லாமல் அது மறைந்துபோனது.

வரிக்கு முன் 6 லட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு சிறிய பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் பொதுவான வாடிக்கையாளர் 28 சதவீத வரியும் 1 சதவீத செஸ்ஸும் சேர்த்து 7,74,000 ரூபாய் கொடுத்தார். மாற்றுத்திறனாளி 7,08,000 கொடுத்தார். இடையே 66,000 ரூபாய் வித்தியாசம். இன்று இருவருக்கும் 7,08,000. இருவரும் சமமாகிவிட்டார்களே, பிறகென்ன என்று கேட்கத் தோன்றலாம். சமமாக இருப்பது ஷோரூம் விலை மட்டும்தான். மாற்றுத்திறனாளியின் செலவு ஷோரூமைத் தாண்டிய பிறகும் தொடர்கிறது.

இடது கால் பலவீனமாக உள்ளவர் கிளட்ச் மிதிக்க முடியாது. அவர் ஆட்டோமேட்டிக் கார்தான் வாங்க வேண்டும். அதே மாடலின் மேனுவல் வகையைவிட அது விலை கூடுதல். வலது கால் பாதிக்கப்பட்டவருக்கு ஆக்ஸிலரேட்டரை இடது காலுக்கு மாற்றித் தர வேண்டும். இரண்டு கால்களும் இயங்காதவருக்கு ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் கைக்கு வர வேண்டும். இந்த வேலைகள் பெரும்பாலும் காரை வாங்கிய பிறகு வெளியே தனிப் பட்டறையில்தான் நடக்கின்றன. அதன்பின் மாற்றத்தை ஆர்.சி. புத்தகத்தில் பதிய ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலைய வேண்டும். சக்கர நாற்காலி பயன்படுத்துபவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பெட்ரோல் செலவை மிச்சப்படுத்த சி.என்.ஜி. கார் வாங்கலாம் என்றால், பல சிறிய கார்களில் டிக்கி இடத்தை சிலிண்டர் பிடித்துக்கொள்கிறது. நாற்காலியை எங்கே வைப்பது? இடம் வேண்டுமென்று நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள பெட்ரோல் காரைத் தேடினால் வரி 40 சதவீதம். மற்றவர்கள் விருப்பத்துக்காகப் பெரிய கார் வாங்குகிறார்கள். இவர் நாற்காலியை ஏற்ற வேண்டியிருப்பதால் வாங்குகிறார். வரி விதிகளுக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை.

66,000 ரூபாய் என்பது தர்மம் அல்ல. மற்றவர்கள் செய்யத் தேவையில்லாத செலவில் ஒரு பகுதியை அரசு ஈடுகட்டியது, அவ்வளவுதான்.

இப்படி ஈடுகட்டுவது அரசின் கடமை என்று சட்டமே சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆவது பிரிவு, கட்டுப்படியாகும் செலவில் அவர்கள் தனியாகப் பயணம் செய்வதற்கான திட்டங்களை அரசுகள் வகுக்க வேண்டும் என்கிறது. ஊக்கத்தொகைகள், சலுகைகள், வாகனங்களை மாற்றியமைத்தல் ஆகியவற்றை அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2007இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 20ஆவது பிரிவும் இதையேதான் வலியுறுத்துகிறது.

வரி அட்டவணைக்குள்ளேயே இதற்கான முன்னுதாரணம் இருக்கிறது. சக்கர நாற்காலிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். மாற்றுத்திறனாளிகளின் வாகனங்களில் பொருத்தும் மாற்றமைப்புக் கருவிகளுக்கும் 5 சதவீதம். 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் எடுத்த நல்ல முடிவு அது. ஆக, காருக்குள் ஏற்றும் நாற்காலிக்கு 5, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பொருத்தும் கைக் கட்டுப்பாட்டுக்கு 5, இரண்டையும் சுமந்து ஓடும் காருக்கு மட்டும் 18. மின்சார கார்களுக்கோ, விலை எவ்வளவாக இருந்தாலும், 2019 ஆகஸ்ட் முதல் 5 சதவீதம்தான். சுற்றுச்சூழலுக்காக அந்தச் சலுகை தேவை, அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால், ஒரு கோடி ரூபாய் மின்சார சொகுசு காருக்கு 5 சதவீதம் போதுமென்று நினைக்கும் கவுன்சில், கால் இயங்காத ஒருவர் அலுவலகம் போக வாங்கும் சிறிய பெட்ரோல் காருக்கும் அதையே தரலாம். மேலே சொன்ன காருக்கு 5 சதவீதமானால் விலை 6,30,000. பொது விலையோடு 78,000 ரூபாய் வித்தியாசம் வரும். பழைய சலுகை ஏறத்தாழ அதே அளவில் உயிர்பெறும்.

கார் வாங்குகிறவர் வசதியானவர்தானே, அவருக்கெதற்குச் சலுகை என்ற கேள்வி வருவது இயல்பு. பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்த்தால் பதில் கிடைக்கும். தமிழ்நாட்டின் பெரும்பாலான அரசுப் பேருந்துகளில் சக்கர நாற்காலியோடு ஏற வழியில்லை. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றப் படியேறிப் போராடிய பிறகுதான், 2024 ஆகஸ்டில் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கின. பிற ஊர்களில் உள்ளவருக்கு தினமும் ஆட்டோ, இல்லையென்றால் சொந்த வாகனம். வேலைக்குப் போக வேண்டுமென்றால் கடன் வாங்கியாவது வாகனம் வாங்கித்தான் தீர வேண்டும். அது வசதி இருப்பதன் அடையாளம் அல்ல, பொதுப் போக்குவரத்து அவரைக் கைவிட்டதன் விளைவு.

அந்தக் கேள்விக்குள் ஒரு நியாயமும் இருக்கிறது; அதை ஒதுக்கிவிடக் கூடாது. இந்தச் சலுகை இதுவரை காருக்கு மட்டும்தான் இருந்தது. ஆனால் தமிழ்நாட்டுச் சாலைகளில் அதிகம் கண்ணில் படுவது பின்புறம் இரண்டு துணைச் சக்கரங்களோடு ஓடும் ஸ்கூட்டர்தான். லாட்டரிக் கடைக்கும் பெட்டிக்கடைக்கும் பழக்கப்பட்ட பழைய கைமிதி வண்டியின் இடத்தை அது பிடித்துவிட்டது. செல்போன் பழுதுபார்ப்பவர், தையல்காரர், ஆசிரியர், வங்கி ஊழியர் என எத்தனையோ பேரின் வருமானம் அதில்தான் ஓடுகிறது. இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை மாநில அரசு விலையில்லாமல் வழங்குகிறது. தகுதி வரம்புக்குள் வராதவர்கள் சொந்தப் பணத்தில் வாங்குகிறார்கள். அவர்கள் ஸ்கூட்டருக்கு 28 சதவீதம் கட்டினார்கள், இப்போது 18 கட்டுகிறார்கள். சலுகை என்று ஒன்று அவர்கள் பக்கம் வந்ததே இல்லை. புதிய விகிதம் வகுக்கும்போது ஸ்கூட்டரைத்தான் முதலில் சேர்க்க வேண்டும்.

மாநில வரியில் தமிழ்நாட்டின் நிலை பரவாயில்லை. மாற்றுத்திறனாளிக்காக மாற்றியமைத்த வாகனத்துக்கு வாழ்நாள் வரி விலக்கு உண்டு. 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு வரி 13 சதவீதம்; 7 லட்சம் ரூபாய் காருக்கு 91,000 ரூபாய். எனவே இந்த விலக்கு பெரிய உதவி. சிக்கல் எழுவது ‘மாற்றியமைத்த’ என்ற நிபந்தனையில். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், தொடக்கத்திலிருந்தே மாற்றுத்திறனாளிக்காக வடிவமைத்துத் தயாரித்த வண்டியை மட்டுமே ஏற்றது. சாதாரண வண்டியை மாற்றினால் போதாது என்று வெளிப்படையாகவே சொன்னது. 2019 திருத்தம்தான் மாற்றியமைத்த வண்டிகளுக்கும் சட்டத்தில் இடம் கொடுத்தது. நல்ல முன்னேற்றம். ஆனாலும், இடது கால் மட்டும் பாதிக்கப்பட்டவர் கடையில் கிடைக்கும் ஆட்டோமேட்டிக் காரை அப்படியே ஓட்ட முடியும். எந்த மாற்றமும் தேவைப்படாததாலேயே அவர் கார் இந்த வரையறைக்கு வெளியே நிற்கிறது. வண்டியில் என்ன மாற்றினாய் என்று கேட்பதை விட்டு, ஓட்டுபவருக்கு என்ன தேவை என்று பார்த்தால் போதும்.

முறைகேடு பற்றிய அச்சமும் உண்டு. தாத்தாவின் சான்றிதழைக் காட்டிப் பேரன் கார் வாங்குவான் என்பார்கள். அப்படி நடக்காமலிருக்கத்தான் பழைய திட்டத்தில் கடுமையான நிபந்தனைகள் இருந்தன: குறைந்தது 40 சதவீத இயக்கக் குறைபாடு, மத்திய கனரகத் தொழில் அமைச்சகத்தின் சான்றிதழ், ஐந்து ஆண்டுகளுக்கு விற்கத் தடை. 2020 அக்டோபரிலிருந்து வாகனப் பதிவுப் படிவத்திலேயே உரிமையாளர் மாற்றுத்திறனாளியா, ஜி.எஸ்.டி. சலுகை பெற்றவரா என்று குறிக்க வசதி செய்யப்பட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையையும் இந்தப் பதிவையும் இணைத்துவிட்டால், சலுகையை இரண்டாவது முறை யார் கேட்டாலும் கணினியே காட்டிக்கொடுக்கும். சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்களுக்காக மாற்றியமைத்த வாகனத்துக்கு வாட் வரியே இல்லாமல் தரும் பிரிட்டனிலும் முறைகேடு நடந்தது. அவர்கள் சலுகையைப் பிடுங்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு வாகனம் என்று 2017இல் வரம்பு வைத்தார்கள்.

2023 டிசம்பரில், பிறவியிலேயே இரு கைகளும் இல்லாத ஓர் இளம்பெண் கேரளத்தில் முதலமைச்சர் பினராயி விஜயன் கையால் ஓட்டுநர் உரிமம் பெற்றார். அவர் கால்களால் ஓட்டும் காரைக் கொச்சி நிறுவனம் ஒன்று மாற்றியமைத்துத் தந்தது. தொழில்நுட்பம் அந்த அளவுக்கு வந்துவிட்டது. மருத்துவக் குழுவும் ஆர்.டி.ஓ. அலுவலகமும் மெல்ல மெல்ல ஏற்கத் தொடங்கிவிட்டன. அந்தத் தொழில்நுட்பத்தை எத்தனை பேர் வாங்க முடியும் என்பது வரி விகிதத்தைப் பொறுத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இயக்கக் குறைபாடு உள்ளவர்கள் 54 லட்சம் பேர். அவர்களில் வாகனம் ஓட்டக்கூடியவர்கள் ஒரு பகுதியினர்தான் என்பதால், அரசு இழக்கும் வருவாயும் அளவோடுதான் இருக்கும்.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கான கார்கள் என்ற தனி இனம் ஜி.எஸ்.டி.யில் ஏற்கெனவே இருந்த ஒன்றுதான். அதை 5 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, இணைப்புச் சக்கர ஸ்கூட்டரையும் அதில் சேர்த்து, நாற்காலி ஏற்றும் தேவை உள்ளவர்களுக்கு நான்கு மீட்டர் வரம்பைத் தளர்த்தினால் போதும். கவுன்சிலில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் குரல் உண்டு. அடுத்த கூட்டத்துக்கு தமிழ்நாடு இந்தக் கோரிக்கையை எழுத்துப்பூர்வமாகக் கொண்டுபோக வேண்டும். வாழ்நாள் வரி விலக்கில் ஆட்டோமேட்டிக் கார்களைச் சேர்க்கும் அரசாணையையோ அதுவரை காத்திராமல் சென்னையிலேயே பிறப்பிக்கலாம்.