பணக்காரன்தான் கடவுளின் செல்லப்பிள்ளையா?

1,000 டாலர் கொடுத்து ஏமாந்த குடும்பங்கள். ஜெயிலில் கண் திறந்த பாதிரியார்

அமெரிக்காவில் ஜிம் பேக்கர் என்று ஒரு பாதிரியார். டெலிவிஷனில் பிரசங்கம் செய்வார். அவர் மனைவியும் கூடத் தோன்றுவார், பாடுவார், கண்ணீர் வடிப்பார். லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டில் இருந்தபடியே கேட்டு உருகும்.

அவருடைய போதனை சுருக்கமானது. கடவுள் தன் பிள்ளைகளை ஏழையாக வைக்கமாட்டார். நம்பிக்கையோடு காணிக்கை கொடுத்தால், அது பல மடங்காகத் திரும்பி வரும். செல்வம்தான் அருளின் அடையாளம்!

நாய்க்கும் குளிர்சாதன வீடு

1978-ம் ஆண்டு தென் கரோலினா மாநிலத்தில், ஃபோர்ட் மில் என்ற ஊரில், அவர் பெரிய உல்லாசப் பூங்கா ஒன்றைத் தொடங்கினார். அதன் பெயர் ஹெரிடேஜ் யு.எஸ்.ஏ. நீச்சல் குளம், சறுக்கு விளையாட்டு, ஹோட்டல், கடைவீதி எல்லாம் அங்கே இருந்தன. 1986-ம் ஆண்டில் மட்டும் சுமார் 60 லட்சம் பேர் வந்து போனார்கள்.

பணம் திரட்டப் பாதிரியார் ஒரு வழி கண்டுபிடித்தார். 1,000 டாலர் கொடுத்தால் ஆயுள் பங்காளி. ஒவ்வொரு ஆண்டும் மூன்று இரவு பூங்காவில் இலவசமாகத் தங்கலாம். சுமார் 1½ லட்சம் பேர் பணம் கட்டினார்கள். சேர்ந்த தொகை 15 கோடியே 80 லட்சம் டாலர்.

ஆனால் கட்டி முடிந்த பெரிய ஹோட்டல் ஒன்றே ஒன்று. அதில் சுமார் 500 அறைகள். இத்தனை பேருக்கு அது எப்படிப் போதும்? பணம் கட்டியவர்கள் இடம் கேட்டபோது, "அறை காலி இல்லை" என்ற பதில்தான் கிடைத்தது.

பாதிரியார் குடும்பத்துக்குப் பல வீடுகள், விலை உயர்ந்த கார்கள், நகைகள். அவர் வீட்டு நாய்க்குக்கூட குளிர்சாதன வசதி!

45 ஆண்டு தண்டனை

1987-ம் ஆண்டு மார்ச் மாதம் குட்டு உடைந்தது. ஒரு பெண் விவகாரமும், அதை மூடி மறைக்கக் கொடுத்த பணமும் அம்பலத்துக்கு வந்தன. பாதிரியார் பதவி விலகினார். பிறகு கணக்கு வழக்குகள் தோண்டப்பட்டன.

பக்தர்கள் பணத்தில் 37 லட்சம் டாலரைத் தன் சுகத்துக்குத் திருப்பிவிட்டார் என்று வழக்கு நடந்தது. 1989-ம் ஆண்டு அக்டோபரில், 24 குற்றங்களும் நிரூபணம் ஆயின. 45 ஆண்டு ஜெயில். 5 லட்சம் டாலர் அபராதம். அப்பீலுக்குப் பிறகு தண்டனை 8 ஆண்டாகக் குறைந்தது. 1994-ம் ஆண்டு அவர் விடுதலை ஆனார்.

ஜெயிலில் அவர் பைபிளை முழுவதும் படித்தார். இயேசு பணத்தைப் பற்றிச் சொன்னதை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தார். தான் போதித்தது நேர் எதிரானது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்ததாம். 1996-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் தலைப்பின் பொருள்: "நான் செய்தது தவறு."

காணிக்கை, விதை ஆனது

இந்தப் போதனை ஒருவரோடு தோன்றியது அல்ல. ஒருவரோடு முடிந்ததும் அல்ல. காணிக்கை என்பது "விதை". விதைத்தவன் அறுப்பான் என்று ஊர் ஊராகப் பரப்பியவர் ஓரல் ராபர்ட்ஸ். 1987-ம் ஆண்டு அவர் ஓர் அறிவிப்பு விட்டார். மார்ச் மாதத்துக்குள் 80 லட்சம் டாலர் சேராவிட்டால், கடவுள் தன்னை அழைத்துக்கொள்வார் என்றார். பணம் சேர்ந்தது. அதில் 13 லட்சம் டாலர் கொடுத்தவர், நாய்ப் பந்தய மைதானத்தின் முதலாளி!

2015-ம் ஆண்டு இன்னொரு பாதிரியார் ஜெட் விமானம் வாங்கப் பணம் கேட்டார். 2 லட்சம் பேர், ஆளுக்கு 300 டாலர் தரவேண்டும் என்பது அவர் திட்டம். விமானத்தின் விலை சுமார் 6½ கோடி டாலர். பாதிரியாரின் பெயர் கிரெஃப்லோ டாலர். பெயரிலேயே டாலர்!

அரசாங்கம் கேட்காதா? அமெரிக்காவில் சர்ச்சுகளுக்கு வருமான வரி கிடையாது. மற்ற தர்ம ஸ்தாபனங்களைப்போல ஆண்டுக் கணக்கு அனுப்பவேண்டிய கட்டாயமும் இல்லை. 2007-ம் ஆண்டு செனட்டர் சக் கிராஸ்லி, இப்படிப்பட்ட 6 ஊழியங்களிடம் கணக்குக் கேட்டார். 2011-ல் விசாரணை முடிந்தது. யாருக்கும் தண்டனை இல்லை.

பூவா, தலையா?

படித்தவர்களும் இதில் ஏமாறுவது ஏன்?

கொடுத்தவனுக்குப் பணம் வந்தால், "பார்த்தாயா, பலித்தது" என்கிறார்கள். வராவிட்டால், "உனக்கு நம்பிக்கை போதாது" என்கிறார்கள். பூ விழுந்தாலும் பிரசங்கிக்கு வெற்றி. தலை விழுந்தாலும் அவருக்கே வெற்றி! தோற்பவன் ஏழை ஒருவன்தான்.

பணம் போனது ஒரு நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. வேலை போனவன், நோயில் படுத்தவள், கடனில் தவிக்கும் தகப்பன் எல்லோரும், "கடவுள் என்னை ஒதுக்கிவிட்டார்" என்று நம்பத் தொடங்குகிறார்கள். ஆறுதல் தேடிப் போன இடத்தில் பழி கிடைக்கிறது.

கடும் வறுமை உள்ள இடத்தில்தான் இந்தப் போதனை செழிக்கிறது என்று ஆப்பிரிக்காவின் கிறிஸ்தவ அறிஞர்களே கூறினார்கள். கானா நாட்டில் 2008-லும் 2009-லும் கூடிப் பேசிய அவர்கள், இது பைபிளைத் திரிப்பது என்று அறிக்கை விட்டார்கள்.

பைபிள் என்ன சொல்கிறது?

பைபிளில் பணக்காரர்கள் இல்லையா? உண்டு. ஆபிரகாமும் சாலொமோனும் செல்வந்தர்கள்தான். பிரசங்கிகள் இவர்களைத்தான் காட்டுவார்கள்.

ஆனால் யோபுவின் கதையும் அதே பைபிளில் இருக்கிறது. யோபு நல்லவன். இருந்தும் பிள்ளைகளையும் செல்வத்தையும் இழந்தான். உடம்பெல்லாம் புண். "நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்தக் கதி" என்று நண்பர்கள் பேசினார்கள். முடிவில் கடவுள் கோபித்துக்கொண்டது யோபுவை அல்ல, அந்த நண்பர்களைத்தான்!

வெயிலும் மழையும் நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஒன்றுபோல வருகின்றன என்று இயேசு போதித்தார். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த பணக்காரனை அறிவில்லாதவன் என்றார். அவருக்கே தலை சாய்க்க இடம் இல்லை. செல்வம்தான் அருளின் அடையாளம் என்றால், இயேசுவுக்கு அருள் இல்லை என்று ஆகிவிடும் அல்லவா?

பணம் சம்பாதிப்பது பாவம் என்பது இதன் பொருள் அல்ல. உழைத்துச் சேர்க்கலாம்; சேர்த்ததில் இல்லாதவருக்குக் கொடுக்கலாம். ஆனால் கொடுப்பது வியாபாரம் ஆகக்கூடாது.

விதவையின் இரண்டு காசு

2022-ம் ஆண்டு கிரெஃப்லோ டாலர் தன் சபையின் முன் நின்றார். தசமபாகம் பற்றித் தான் போதித்தது சரியல்ல என்றார். அதைப் பற்றி எழுதிய தன் புத்தகங்களைத் தூக்கி எறியும்படியும் சொன்னார். அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் பல ஆண்டுகள் கட்டியிருந்தன.

எருசலேம் கோவில் உண்டியலில் ஓர் ஏழை விதவை இரண்டு காசு போட்டாள். அவளிடம் இருந்ததே அவ்வளவுதான். மற்ற எல்லோரையும்விட அவளே அதிகம் கொடுத்தாள் என்று இயேசு சொன்னார். பிறகு அந்த இரண்டு காசு இருநூறாகத் திரும்பி வந்ததா? பைபிளில் அப்படி ஒரு வரிகூட இல்லை.