அகத்தே தங்குதலா, புறத்தே தங்குதலா?

மக்கள் உழைத்துப் பொருளீட்டுதல் எத்துணை இன்றியமையாததோ, இடையிடையே ஓய்ந்திருந்து பெற்றோரோடும் பிள்ளைகளோடும் களித்திருத்தலும் அத்துணை இன்றியமையாததாகும். ஓய்வென்பது சோம்பலன்று; மீண்டும் உழைத்தற்கு வேண்டிய ஊக்கத்தைத் தேடிக்கொள்ளும் வழியே அது. ஆயினும், ஓய்வை நாடிச் சென்றவர் களைப்போடும் கடனோடும் வீடு திரும்புவாராயின் அவ்வோய்வினாற் பயன் யாது? இவ்வினாவை மனத்திற் கொண்டு, அமெரிக்கக் குடும்பங்களிடையே விடுமுறைதோறும் எழும் வழக்கொன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். பெரிய கேளிக்கைப் பூங்காவொன்றைக் காணச் செல்லும் குடும்பம், அப்பூங்காவையுடைய கம்பெனியாரின் விடுதியிலேயே தங்குதல் நலமா? அன்றி, எல்லைக்குப் புறத்தே பிறர் நடத்தும் ஹோட்டலிலோ வாடகை வீட்டிலோ தங்கி நாடோறும் சென்று வருதல் நலமா? இதுவே வழக்கு.

கல்லூரிப் பத்திரிகைக்கு இஃது ஏற்ற பொருளாமோ என்று ஐயுறுவாரும் உளராகலாம். கடல் கடந்து வாழும் பழைய மாணவர், தம்மைக் காணவந்த பெற்றோரை இப்பூங்காக்களுக்கு அழைத்துச் செல்லுதல் இக்காலத்து இயல்பான செயலே. அன்றியும், ஒருவன் தன் பொருளையும் பொழுதையும் பிறர் கையில் எவ்வளவு ஒப்புவிக்கலாம் என்னும் வினா எந்நாட்டார்க்கும் பொதுவானதன்றோ?

வழக்கின் வரலாற்றை முதற்கண் அறிதல் வேண்டும். வால்ட் டிஸ்னி என்பார் கலிபோர்னியா மாகாணத்து அனாஹீம் நகரில், ஆரஞ்சுத் தோட்டங்களாயிருந்த ஏறக்குறைய 160 ஏக்கர் நிலத்தில், 1955-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 17-ஆம் நாள் டிஸ்னிலாந்து என்னும் பூங்காவைத் திறந்தார். பூங்கா அமைப்பதற்கே கைப்பொருள் அரிதாயிருந்தமையின், ஹோட்டல் கட்டும் பொறுப்பை ஜாக் ராதர் என்னும் வேறொரு செல்வரிடம் விடுத்தார். அவ்வாண்டு அக்டோபரில் திறக்கப்பெற்ற டிஸ்னிலாந்து ஹோட்டல், பெயரால் டிஸ்னியினதாயினும் உடைமையாற் பிறருடையதாகவே நெடுநாள் இருந்து, 1988-ஆம் ஆண்டிலேதான் கம்பெனியார் கைக்கு வந்தது. இதற்கிடையே பூங்காவைச் சுற்றிலும் பிறருடைய மோட்டல்களும் உண்டிச்சாலைகளும் மலிந்தன. கூட்டத்தைக் கூட்டியவர் ஒருவர். அக்கூட்டத்தால் வருவாய் பெற்றவர் பலராயினர்.

இப்பாடத்தை டிஸ்னி மறந்தாரல்லர். 1960-களின் நடுவில், புளோரிடா மாகாணத்தில் ஆர்லாண்டோ நகருக்குத் தென்மேற்கே, தம் பெயர் வெளிப்படாவண்ணம் வேறு வேறு கம்பெனிகளின் பெயரால் 27,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வாங்குவித்தார். 1966-இல் அவர் காலமானார். ஆயினும் அவர் கருத்து நிறைவேறிற்று. 1971 அக்டோபர் 1-ஆம் நாள் வால்ட் டிஸ்னி வோர்ல்ட் திறக்கப்பெற்றபோது, கன்டெம்பரரி, பாலினீசியன் என்னும் இரு விடுதிகளும் பூங்காவோடு உடன் திறக்கப்பெற்றன. இன்று அவ்வெல்லைக்குள் நான்கு பெரும் பூங்காக்களும் இருபத்தைந்துக்கு மேற்பட்ட விடுதிகளும் உள்ளன. ஆதலின், வந்தாரை அகத்தே தங்குவித்தல் என்பது விருந்தோம்பும் எண்ணத்தில் மட்டும் பிறந்ததன்று. அனாஹீமிற் கண்ட வணிக அனுபவத்திற் பிறந்த ஏற்பாடுமாகும். இதனை யாம் குற்றமென்று கூறவில்லை. வணிகர் வணிகம் செய்வர். வாங்குவோர் தம் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்ளுதல் வேண்டும் என்பதே எம் கருத்து.

இனி, அகத்தே தங்குதல் நலமென்பார் கூறும் காரணங்களை நடுநிலையோடு நோக்குவோம். விடுதியில் தங்குவார் ஒவ்வொரு நாளும் பிறர்க்கு முன்னரே அரைமணி நேரம் பூங்காவிற் புகலாம். நெடுவரிசையைத் தவிர்க்கும் ‘லைட்னிங் லேன்’ என்னும் கட்டணச் சீட்டைப் புறத்தே தங்குவார் மூன்று நாட்களுக்கு முன்னரே பெறக்கூடும். அகத்தே தங்குவாரோ ஏழு நாட்களுக்கு முன்னரே பெறலாம். பேருந்தும், மானோரெயிலும், 2019 முதல் ஓடும் ‘ஸ்கைலைனர்’ என்னும் தொங்கு வண்டியும் கட்டணமின்றிக் கிடைத்தலால் சொந்த வண்டி வேண்டுவதில்லை. மேஜிக் கிங்டம் பூங்காவுக்குத் தம் வண்டியில் வருவோர் ஏரிக்கு இப்புறத்தே அதனை நிறுத்திவிட்டு, மானோரெயிலிலோ படகிலோ ஏறி வாயிலை அடைதல் வேண்டும். உறங்கும் குழந்தையைத் தோளிற் சுமந்து இரவில் அவ்வழியே திரும்புதல் எளிதன்று. ஆர்லாண்டோவிலுள்ள யுனிவர்சல் கம்பெனியாரும் போர்டபினோ பே, ஹார்டு ராக், ராயல் பசிபிக் என்னும் மூன்று விடுதிகளில் தங்குவார்க்குத் தம் பழைய பூங்காக்கள் இரண்டில் வரிசை தவிர்க்கும் உரிமையை வாடகையோடு சேர்த்தே அளிக்கின்றனர். இவையெல்லாம் மெய்யான வசதிகளே. மறுப்பாரில்லை.

ஆயினும், வசதி வேறு. அதன் விலை வேறு. முன்னரே புகும் அரைமணியை எடுத்துக்கொள்வோம். ஐந்து நாளும் தவறாமற் பயன்படுத்தினால் அது மொத்தம் இரண்டரை மணி நேரமாம். அதனைப் பெறுதற்கோ விடியற்காலையிலேயே குடும்பத்தார் அனைவரும் எழுந்து, குளித்து, உண்டு, வாயிலில் நிற்றல் வேண்டும். முதியோரையும் சிறுகுழந்தைகளையும் உடைய குடும்பம் அதனை ஒரு நாள் செய்யும். இரண்டாம் நாள் முயலும். மூன்றாம் நாள் உறங்கிப்போகும். பயன்படாத உரிமைக்கும் ஒவ்வோர் இரவும் வாடகை கொடுத்தே தீரவேண்டும் என்பதனைப் பலர் எண்ணுவதில்லை.

அன்றியும், இவ்வுரிமைகள் நிலையானவையல்ல. விமான நிலையத்திலிருந்து விடுதிக்குக் கட்டணமின்றி அழைத்துவரும் பேருந்து 2005-ஆம் ஆண்டு முதல் நடைபெற்றது. அகத்தே தங்குதற்கு அதுவே தலையாய காரணமென்று கூறியோர் பலர். 2022-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அது நின்றுபோயிற்று. பூங்காச் சவாரிகளுக்கு அறுபது நாட்களுக்கு முன்னரே விலையின்றி இடம் பதிந்துகொள்ளும் உரிமையும் இருந்தது, அதுவும் மறைந்தது. 2018-இல் விடுதி விருந்தினரிடமே இரவில் வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கத் தொடங்கினர்; 2023-இல் அதனை விலக்கினர். கொடுத்தவரே எடுத்துக்கொள்ளத்தக்க ஒன்றை உரிமையென்று கருதி மயங்குதல் அறிவுடைமையாகாது. சலுகையென்று கொள்க, கணக்கும் அவ்வாறே இடுக.

நிற்க. புறத்தே தங்குதலிற் குறையில்லை என்று கூறவும் யாம் துணியோம். அங்கும் கண்ணிகள் உள. மலிவென்று காட்டப்பெறும் வாடகையோடு ‘ரிசார்ட் கட்டணம்’ என்றொரு தொகையைப் பின்னர்ச் சேர்த்தல் பல ஹோட்டல்களின் வழக்கமாயிருந்தது. கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்தே முழுவிலையை முதற்கண் காட்டவேண்டுமென்னும் அமெரிக்க மத்திய அரசாங்க விதி 2025 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் வரி அதனுள் அடங்காதிருக்கலாம். பூங்காவில் வண்டி நிறுத்தும் கட்டணம் நாடோறும் தனியே உண்டு. வாடகை வண்டியின் செலவும் உண்டு. இவற்றையெல்லாம் கூட்டிப் பாராமல் அறை வாடகையை மட்டும் ஒப்பிட்டு, “மிச்சம் பிடித்தோம்” என்று மகிழ்வார் பின்னர் வருந்துவர். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார் நம் முன்னோர். கேளிக்கையிலே போடுவதற்கும் அவ்வளவை வேண்டும்.

இவ்வாறு அளந்த பின்னரும், நான்கைந்து நாள் தங்கும் பெரிய குடும்பத்துக்குப் புறமே சிறந்தது என்பது எம் துணிபு. கிஸ்ஸிமி, டாவன்போர்ட் முதலிய ஊர்களில் சமையலறையும் மூன்று நான்கு படுக்கையறைகளும் நீச்சற் குளமும் உடைய வீடுகள் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. கம்பெனியாரின் சிக்கன விடுதிகளில் ஓர் அறையில் நால்வரே தங்கலாம்; பாட்டனும் பாட்டியும் உடன் வரின் இரண்டாம் அறை வேண்டும். வீட்டிலோ அனைவரும் ஒரு கூரையின்கீழ் இருப்பர். காலையில் தோசை வார்த்துக்கொள்ளலாம்; மரக்கறியுணவு உண்பார் பட்டியலைத் தடவிக் கொண்டிருக்க வேண்டுவதில்லை. முழங்கால் நோவுள்ள பாட்டியார் ஒரு நாள் வீட்டிலேயே இளைப்பாறலாம். மூன்று வயது நிரம்பினார் யாவர்க்கும் நுழைவுச் சீட்டு வாங்கவேண்டிய அவ்விடத்தில், முன்னரே திட்டமிடின் அவர் பங்குச் சீட்டில் ஒரு நாள் குறையும். எல்லாவற்றிலும் மேலாக, மாலையில் அனைவரும் ஒரு மேசையைச் சுற்றியமர்ந்து அன்று கண்டவற்றைப் பேசிச் சிரிக்கலாம். விடுமுறையின் பயன் அப்பேச்சிலன்றோ உள்ளது?

அகத்தே தங்குவார்க்கு யாம் ஒன்றை விட்டுக் கொடுக்கின்றோம். புளோரிடாவின் கோடை வெயில் கொடியது. பிற்பகலில் இடிமழையும் அடிக்கடி பெய்யும். நண்பகலில் அறைக்குத் திரும்பிக் குழந்தையை உறங்கவைத்து மாலையில் மீண்டும் செல்லுதற்கு அருகில் தங்குதலே வாய்ப்பு. ஆதலின் கைக்குழந்தையோடு இரண்டொரு நாள் மட்டும் காண வருவாரும், வண்டி ஓட்டத் தெரியாதாரும் அகத்தேயுள்ள சிக்கன விடுதியொன்றைத் தேர்ந்துகொள்வாராயின் அதனைப் பிழையென்னோம். ஆயின், கடன்பட்டு அரண்மனை போன்ற விடுதியில் அறை பிடித்து, கொடுத்த பணத்துக்கு ஈடாக ஒவ்வொரு நிமிடத்தையும் கறந்துவிட வேண்டுமென்று குழந்தைகளை அதட்டி ஓட்டிச் செல்லும் தந்தையைக் கண்டு இரங்குகின்றோம். அவர் பூங்காவை ஆளவில்லை. பூங்கா அவரை ஆள்கின்றது.

இறுதியாக ஒன்று. கம்பெனியாரின் எல்லைக்குள் குப்பை காண்பதரிது. வறுமை காண்பது அதனினும் அரிது. எல்லையைக் கடந்து கிஸ்ஸிமி வழியே செல்லும் 192-ஆம் எண் நெடுஞ்சாலையை அடைந்தால், பயணிகளுக்கெனக் கட்டப்பெற்ற மோட்டல்கள் சிலவற்றில், வீடு பிடித்தற்கு வேண்டும் முன்பணமில்லாக் குடும்பங்கள் வார வாடகைக்கு வாழ்ந்து வருதலைக் காணலாம். ஷான் பேக்கர் என்பார் 2017-ஆம் ஆண்டில் இயக்கிய ‘தி புளோரிடா பிராஜெக்ட்’ என்னும் திரைப்படம் அத்தகைய குழந்தைகளைப் பற்றியதே. டிஸ்னியின் புளோரிடாத் திட்டம் முதலில் வழங்கிய பெயரும் அதுவே என்பது எண்ணற்பாலது. பூங்காவின் வாண வேடிக்கை வானத்தில் ஒளிரும்போது அவ்வொளி அம்மோட்டல்களின் கூரைகளுக்கு மேலும் தெரியும். நம் பிள்ளைகள் இதனைக் காணுதல் அவர்தம் மகிழ்ச்சிக்குக் கேடு என்று சிலர் கருதலாம். யாம் அவ்வாறு கருதோம். தாம் துய்க்கும் இன்பம் எல்லார்க்கும் எய்தாதது என்றறிந்த பிள்ளை, அதனை நன்றியோடு துய்க்கும். வேலி சூழ்ந்த உலகமே உலகமென்று வளர்ந்த பிள்ளையோ, வேலி நீங்கிய அன்று திகைக்கும்.

ஆகவே, பூங்காவைக் காணச் செல்க, களிப்போடு காண்க, பொழுது சாய்ந்ததும் வெளியே வருக. நாம் ஒரு நாள் விருந்தினராய்ப் புகத்தக்க இடம் அது, குடிபுகத்தக்க இடமன்று. தம் வரவுக்குள் அடங்கிய ஒரு சிறு வீட்டில், தம்மவர் சூழ, கடனின்றிக் கண்ணுறங்கும் குடும்பமே விடுமுறையின் முழுப்பயனை எய்திய குடும்பமாகும்.