தொப்பி உடைக்கும் ஊர்

இந்த வாரம் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது ஓர் அட்டவணை. நம்முடைய ரியால் மாட்ரிட் நண்பர் (இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே இரண்டொரு முறை வந்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்தான்) கைபேசியில் அனுப்பியிருந்தார். அந்த கிளப்பின் மேனேஜர்கள் ஆதிகாலத்திலிருந்து வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வெற்றி சதவீதம், புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை. கீழே ஒரு வரி: "சார், இதுக்கு மேல பேச்சே கிடையாது."

சதவீதத்துக்கும் எனக்கும் ஆகாது என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பள்ளித் தேர்ச்சி, பட வசூல், வாக்குப்பதிவு என்று நான் புலம்பாத சதவீதம் இல்லை. "உங்களுக்குக் கணக்கு வராது, அதை ஏன் கொள்கையாக்குகிறீர்கள்?" என்று ஒரு வாசகி எழுதிக் கேட்டதும் உண்டு. இருக்கட்டும். ஆனால் மேனேஜர் விஷயத்தில் அந்த கிளப்பே சதவீதத்தை மதித்ததில்லையே, நான் எதற்கு மதிக்க வேண்டும்?

1998இல் யுப் ஹெய்ன்கெஸ் ரியால் மாட்ரிட்டுக்கு ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். 1966க்குப் பிறகு, 32 வருடம் கழித்து வந்த கோப்பை. கையோடு அவரையும் அனுப்பிவிட்டார்கள். விசென்டே டெல் போஸ்கே இரண்டு ஐரோப்பியக் கோப்பை, இரண்டு லீக் வென்றவர். 2003இல் இரண்டாவது லீக் கைக்கு வந்த மறுநாளே ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று சொல்லிவிட்டார்கள். எல்லாவற்றையும் மிஞ்சியது ராடோமிர் அன்டிச் கதை. 1992 ஜனவரியில் அணி லீக்கில் முதலிடத்தில் இருக்கும்போதே அவரை நீக்கினார்கள், ஆட்டம் அழகாக இல்லையாம். அழகாக ஆட வேறொருவர் வந்தார். கடைசி நாளில் டெனெரிஃபே தீவில் 2-0 என்று முன்னிலையில் இருந்து 3-2 என்று தோற்று, லீக்கை பார்சிலோனாவுக்குத் தாரை வார்த்தார்கள். அன்டிச் பிறகு பக்கத்து வீட்டு அத்லெடிகோ மாட்ரிட்டுக்குப் போனார். அங்கே தலைவராக இருந்தவர் ஹெசூஸ் கில். மேனேஜர்களைத் துரத்துவதில் நாடறிந்த ஆசாமி. அவரிடமே குப்பை கொட்டி 1996இல் லீக்கையும் ஸ்பெயின் கோப்பையையும் ஒரே வருடத்தில் வாங்கிக் கொடுத்தார் அன்டிச். ரியால், அத்லெடிகோ, பார்சிலோனா மூன்றுக்கும் மேனேஜராக இருந்தவர் அவர் ஒருவர்தான். இதில் எது எந்தக் கட்டத்தில் ஏறும்?

இதை நண்பருக்குப் பதிலாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பாதியிலேயே மாட்ரிட் அலுத்துவிட்டது. பணக்கார வீட்டில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பதில் எவ்வளவு நேரம்தான் சுவாரசியம் இருக்கும்? மனசு வடக்கே, பில்பாவோவுக்குப் போய்விட்டது.

அத்லெடிக் பில்பாவோ பாஸ்க் நாட்டு கிளப். பாஸ்க் மண்ணில் பிறந்தவர்களோ அங்கே ஆட்டம் கற்றவர்களோதான் அந்தச் சிவப்பு வெள்ளைக் கோட்டுச் சட்டையைப் போட முடியும். இந்த வைராக்கியத்தோடு இருந்தும் ஸ்பெயின் லீக்கின் முதல் பிரிவிலிருந்து ஒருமுறைகூடக் கீழே இறங்காத மூன்று கிளப்புகளில் அதுவும் ஒன்று. மற்ற இரண்டு ரியாலும் பார்சிலோனாவும். ஆனால் மேனேஜர் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். காய்கறி எல்லாம் கொல்லையில் பறித்ததாகவே இருக்க வேண்டும், சமையல்காரர் மட்டும் எந்த ஊரானாலும் சரி என்கிற வீடு அது. இங்கிலாந்துக்காரர்கள் வந்தார்கள், செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து டவுச்சிக் வந்தார், ஜெர்மனியிலிருந்து அதே ஹெய்ன்கெஸ் இரண்டு முறை வந்தார், அர்ஜென்டினாவிலிருந்து பியெல்சா வந்தார். 2012இல், பயிற்சி மைதானத்தில் வேலை சரியாக நடக்கவில்லை என்று கட்டுமானப் பொறுப்பாளரைப் பிடித்துத் தள்ளிவிட்டு, பிறகு தானே போலீஸில் போய்த் தன்மேல் புகார் சொல்லிக்கொண்ட மனிதர் அவர். அவரைப் பற்றி எழுதச் சொல்லிக் கடிதங்கள் வருகின்றன. பியெல்சாவைப் பற்றி உலகமே எழுதுகிறது, என்னை விடுங்கள். எனக்கு வேண்டியவர் பிரெட் பெண்ட்லாண்ட்.

1883இல் இங்கிலாந்தின் உல்வர்ஹாம்டனில் பிறந்தவர். 1909இல் இங்கிலாந்துக்காக ஐந்து ஆட்டம் ஆடினார். 1914இல் ஜெர்மானிய ஒலிம்பிக் அணியைத் தயார் செய்ய பெர்லினுக்குப் போனார். எந்த வருடம் என்பதைக் கவனியுங்கள். பெட்டியைப் பிரித்து வைப்பதற்குள் உலகப் போர். பெர்லினை ஒட்டிய ரூலேபென் குதிரைப் பந்தய மைதானத்தில், குதிரை லாயங்களில், ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ் குடிமக்களோடு அவரையும் அடைத்தார்கள். அங்கே ஸ்டீவ் புளூமர் உட்படப் பெயர்போன ஆட்டக்காரர்கள் பலர் சிக்கியிருந்தார்கள். முள்வேலிக்குள்ளேயே கால்பந்துச் சங்கம் வைத்து, லீக் நடத்தி, போரை ஓட்டினார்கள்.

வெளியே வந்தவர் 1920 ஒலிம்பிக்கில் பிரான்ஸ் அணியைப் பார்த்துக்கொண்டார். பிறகு ஸ்பெயினின் சான்டான்டெர் நகர அணி. அங்கிருந்து 1922இல் பில்பாவோ கொத்திக்கொண்டு போனது. இரும்புத் தாதுவைக் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த துறைமுக ஊர் அது. தாது போன வழியில்தான் கால்பந்தும் வந்து இறங்கியது. ஆகவே ஓர் ஆங்கிலேயர் வந்ததில் ஆச்சரியமில்லை. வந்தவர் செய்ததில்தான் ஆச்சரியம். முதல் நாள், வளர்ந்த ஆட்டக்காரர்களை உட்காரவைத்து பூட்ஸ் லேஸைச் சரியாகக் கட்டக் கற்றுக்கொடுத்தார் என்பார்கள். அதுவரை பந்தைத் தூக்கி அடித்துவிட்டுப் பின்னால் ஓடிய அணியை, தரையோடு தரையாகச் சின்னச் சின்ன பாஸ் போட வைத்தார். மழைச் சேற்றுக்குப் பேர்போன ஊரில் இதைச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 1923இல் கோப்பை வந்தது.

இடையில் மாட்ரிட், ஒவியேடோ என்று சுற்றிவிட்டு 1929இல் திரும்பி வந்தார். வருவதற்குச் சற்று முன் இன்னொரு வேலை. அந்த வருடம் மே 15இல் மாட்ரிட்டில் ஸ்பெயின் இங்கிலாந்தை 4-3 என்று தோற்கடித்தது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள ஒரு நாட்டிடம் இங்கிலாந்து தோற்றது அதுவே முதல் தடவை. அன்று ஸ்பெயின் பயிற்சியாளர் மத்தேயோஸுக்கு உதவியாக இருந்தவர் பெண்ட்லாண்ட். இங்கிலாந்துக்கோ அப்போது மேனேஜர் என்று ஒருவரே கிடையாது. ஒரு குழு கூடி ஆளைப் பொறுக்கி அனுப்பும். 1931 டிசம்பரில் லண்டனுக்கு வந்த ஸ்பெயினை 7-1 என்று பழிதீர்த்துக்கொண்டார்கள். குழுவுக்கு அது போதுமானதாக இருந்திருக்கும்.

இனி தொப்பி. பெண்ட்லாண்ட் எப்போதும் பௌலர் தொப்பி வைத்திருப்பார். சாப்ளின் தலையில் இருக்குமே, அந்தக் கறுப்பு உருண்டைத் தொப்பி. ஊரே அவரை 'எல் போம்பின்' என்று தொப்பியின் பெயராலேயே கூப்பிட்டது. வாயில் சுருட்டும் உண்டு. பெரிய வெற்றி கிடைத்ததும் ஆட்டக்காரர்கள் அவர் தலையிலிருந்து அதைப் பிடுங்கிக் கீழே போட்டு, ஏறிக் குதித்துச் சப்பையாக்குவார்கள். அவரும் விட்டுக்கொடுப்பார். அடுத்த ஆட்டத்துக்குப் புதுத் தொப்பி. 1930இலும் 1931இலும் லீக், கோப்பை இரண்டும். 1930 முதல் 1933 வரை கோப்பை தொடர்ந்து நான்கு முறை. 1929-30 லீக்கில் 18 ஆட்டம், ஒரு தோல்வி இல்லை. 1931 பிப்ரவரியில் பார்சிலோனாவை 12-1. அதில் பாட்டா என்கிற முன்கள வீரர் மட்டும் ஏழு கோல். லீக்கில் பார்சிலோனா அதைவிட மோசமாக இன்றுவரை தோற்றதில்லை. அன்றைக்கு எத்தனை பேர் அந்தத் தொப்பிமேல் ஏறியிருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது.

இன்றைய மேனேஜரின் தலையில் இருப்பதை ஆட்டக்காரன் ஒருவன் பிடுங்கி மிதித்தால் என்ன ஆகும்? விளம்பரதாரர் வழக்குப் போடுவார். எனக்கு அந்த ஓய்வறையின் சிரிப்பு வேண்டியிருக்கிறது. முதல் நாள் லேஸ் கட்டச் சொல்லிக் கொடுக்கும்போது முறைத்துக்கொண்டிருந்த பையன்களே இந்தத் தொப்பியையும் உடைத்தார்கள். அத்தனை உரிமை தானாக வராது, ஒருவர் கொடுத்திருக்க வேண்டும்.

1936இல் உள்நாட்டுப் போர் அவரை ஊருக்கு விரட்டியது. இங்கிலாந்தில் கிடைத்தது மூன்றாம் பிரிவில் ஆடிய பேரோ என்கிற சின்ன கிளப். பில்பாவோ மட்டும் மறக்கவில்லை. 1959 டிசம்பரில் எழுபத்தைந்து வயது தாண்டியவரை சான் மமேஸ் மைதானத்துக்கு வரவழைத்து, செல்சியை எதிர்த்து ஓர் ஆட்டம் வைத்துப் பதக்கம் அணிவித்தார்கள். 1962இல் அவர் இறந்தபோது அதே மைதானத்தில் அஞ்சலிக் கூட்டமும் நடத்தினார்கள்.

பெண்ட்லாண்ட் பில்பாவோவை விட்டுப் போன பிறகு, உள்நாட்டுப் போர் மூளும் முன், 1936இல் அந்த ஊருக்கு லீக் வாங்கிக் கொடுத்தவரும் ஓர் இங்கிலாந்துக்காரரே: வில்லியம் கார்பட். அதற்கு முன் ஜெனோவாவுக்கு மூன்று முறை இத்தாலியப் பட்டம் வென்று தந்தவர். தொப்பி ஆசாமிக்குப் பிறகு வந்த அவர் சுங்கான் பிடிப்பவர். அவரை ஒரு வரியில் தாண்டிப் போக மனம் வரவில்லை, ஆனால் ஆசிரியர் கொடுத்த இடம் தீர்ந்துவிட்டது. அடுத்த வாரம் பார்க்கலாம். பியெல்சா கடிதக்காரர்கள் இன்னும் கொஞ்சம் பொறுக்கட்டும்.