இட்லிப் பானை பறக்குதுன்னு சிரிக்கிறவங்களுக்கு

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருந்தால் அணைத்துவிட்டு வந்து படியுங்கள்.

விஷயம் இதுதான். போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தங்கச்சி மகன் ஒரு வீடியோ போட்டான். ஒரு நிமிஷம்கூட ஓடாது. எம்.ஜி.ஆர். நடித்த 'கலை அரசி' படத்தில் விண்கலம் வருகிற இடத்தை வெட்டி எடுத்து, அதற்கு நாதஸ்வரத்தைப் பின்னணியில் ஓடவிட்டு, கீழே "இட்லிப் பானை பறக்குது டோய்" என்று எழுதியிருந்தார்கள். வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நாற்பதுக்கு மேல் எண்ணினேன். நம் பழைய மாணவர்கள் குழுவுக்கும் அது வந்து சேர்ந்தது. அதில் ஒருவர் (இன்று பெங்களூரில் பெரிய வேலை, பெயர் சொல்லமாட்டேன், நன்றாக இருக்கட்டும்) "அந்தக் காலத்து ஜனங்க எதக் காட்டுனாலும் நம்பியிருக்காங்க டீச்சர், லாஜிக்கே இல்ல" என்று எழுதினார்.

நான் பதில் போடவில்லை. ஒரு வாரமாக மனசுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

முதலில் தேதியைப் பார்ப்போம். வாத்தியார் புத்தி, தேதி இல்லாமல் பேச வராது. கலை அரசி வெளிவந்தது 1963 ஏப்ரல் 19. யூரி ககாரின் முதல் மனிதராக விண்வெளிக்குப் போனது 1961 ஏப்ரல் 12. இரண்டு வருஷமும் ஒரு வாரமும்தான் இடைவெளி. மனிதன் நிலாவில் கால் வைக்க இன்னும் ஆறு வருஷம் இருந்தது. நிலாவுக்கு மேலே பூமி உதிக்கிற அந்தப் பிரபலமான படத்தை அப்பல்லோ 8-ல் போனவர்கள் எடுத்தது 1968 டிசம்பரில். அதாவது அங்கேயிருந்து பார்த்தால் நம் பூமி எப்படித் தெரியும் என்று யாருமே பார்த்திராத காலத்தில், கோடம்பாக்கத்தில் உட்கார்ந்து, மரத்தையும் அட்டையையும் பெயிண்டையும் வைத்துக்கொண்டு இன்னொரு கிரகத்தைக் கட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடர் வந்ததே 1966-ல். 'ஸ்டார் வார்ஸ்' 1977. நம் காசிலிங்கம் அதற்கெல்லாம் முன்னால் இயக்கி முடித்துவிட்டார்.

இன்னொரு தேதியும் சொல்கிறேன், இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். 1963 நவம்பர் 21. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா என்கிற மீனவர் கிராமத்திலிருந்து நம் நாட்டின் முதல் ராக்கெட் மேலே போனது அன்றைக்குத்தான். அதுவும் அமெரிக்காக்காரன் கொடுத்த ராக்கெட். அங்கே இருந்த மாதா கோயிலையே அலுவலகமாக வைத்துக்கொண்டு நம் விஞ்ஞானிகள் வேலை பார்த்தார்கள், நம் அப்துல் கலாம் உட்பட. ராக்கெட்டின் மூக்குப் பகுதியைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற படம் ஒன்று இருக்கிறதே, நீங்கள் ஒவ்வொரு ஆகஸ்ட் 15-க்கும் ஸ்டேட்டஸ் வைப்பீர்களே, அது. நாடு முதல் ராக்கெட் விடுவதற்கு ஏழு மாசம் முன்னாலேயே கலை அரசி தியேட்டருக்கு வந்துவிட்டது.

இப்போது நான் கேட்கிறேன். அந்தச் சைக்கிளைப் பார்த்து ஏன் யாரும் சிரிப்பதில்லை? "ராக்கெட்டை சைக்கிள்ல கொண்டு போறாங்க, லாஜிக்கே இல்ல" என்று ஏன் ஒருத்தரும் வீடியோ போடுவதில்லை? அங்கே கையில் இருந்ததை வைத்து வேலை செய்தார்கள் என்று நெஞ்சு நிமிர்த்துகிறோம். இங்கேயும் கையில் இருந்ததை வைத்துத்தான் வேலை செய்தார்கள். இது மட்டும் இட்லிப் பானையா?

"அது சயின்ஸ், இது சினிமா" என்பீர்கள். சரி, சினிமாவாகவே பேசுவோம். அந்தப் படத்தில் எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம். ஒரே ஆளை ஒரே சட்டத்தில் இரண்டு பேராகக் காட்ட அன்றைக்கு என்ன வழி தெரியுமா? கேமரா லென்ஸின் ஒரு பாதியைக் கறுப்பாக மூடிவிட்டு மறு பாதியில் நடிக்க வைப்பார்கள். பிறகு பிலிமை அப்படியே பின்னுக்குச் சுற்றி, மூடிய பாதியைத் திறந்து, திறந்த பாதியை மூடி, உடையை மாற்றிக்கொண்டு வந்து மறுபடி நடிக்க வேண்டும். இடையில் கேமரா ஒரு நூல் அசைந்தாலும் போச்சு. பிலிமைக் கழுவிப் பார்த்தால்தான் சரியா தப்பா என்பதே தெரியும். இன்றைக்கு 'அயலான்' மாதிரிப் படங்களில் ஆயிரக்கணக்கான காட்சிகளைக் கம்ப்யூட்டரிலேயே செய்கிறார்கள். நன்றாகத்தான் இருந்தது, பேத்தியோடு போய்ப் பார்த்தேன், குறை சொல்லவில்லை. ஆனால் அதைத் தமிழுக்கு வந்த முதல் வேற்றுக்கிரகவாசி என்று யாராவது சொன்னால் மட்டும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

வித்தையை விடுங்கள். கதைக்கு வருகிறேன். ஒரு கிரகம். விஞ்ஞானத்தில் நம்மைவிட எவ்வளவோ மேலே போய்விட்டது. ஆனால் கலையில் வறுமை. பாட்டு, நாட்டியம் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். அதற்காகப் பூமிக்கு வருகிறார்கள். வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். (பானுமதியம்மா தன் பாட்டைத் தானே பாடுகிறவர், 1953-லேயே 'சண்டிராணி' படத்தை மூன்று மொழியில் இயக்கியவர். வேற்றுக்கிரகத்துக்காரனுக்கு ஆள் தேர்வு செய்யத் தெரிந்திருக்கிறது.) பின்னாலேயே எம்.ஜி.ஆர். அந்தக் கிரகத்துக்குப் போய் மீட்டு வருகிறார். நம்பியார் சும்மா விடுவாரா, அதெல்லாம் உண்டு.

வெள்ளைக்காரன் எழுதின கதைகளில் வேற்றுக்கிரகத்தான் எதற்கு வருவான்? வெல்ஸ் எழுதிய 'உலகங்களின் போர்' 1898-ல் வந்ததிலிருந்து ஊரைக் கொளுத்தத்தான் அதிகமும் வந்துகொண்டிருந்தான். நம் ஆள்தான் "இவர்களிடம் எல்லாம் இருக்கிறது, பாட்டு இல்லை" என்று யோசித்தார். இது சின்ன யோசனையா? 1977-ல் அமெரிக்கா வாயேஜர் என்று இரண்டு கலங்களை அனுப்பியது. வழியில் யாராவது எடுத்தால் கேட்கட்டும் என்று தங்கமுலாம் பூசிய இசைத்தட்டு ஒன்றை அவற்றில் வைத்தார்கள். பல நாட்டுச் சங்கீதம் அதில் இருக்கிறது. பாக் இருக்கிறார், பீத்தோவன் இருக்கிறார், நம் நாட்டின் கேசர்பாய் கேர்க்கர் பாடிய பாட்டும் இருக்கிறது. நம் ஊர்ப் பெண் குரல் ஒன்று இந்த நிமிஷம் சூரியனின் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. வேற்றுக்கிரகத்தானுக்கு நம்மிடமிருந்து என்ன கொடுக்கலாம் என்று கார்ல் சாகன் மாதிரி விஞ்ஞானிகள் உட்கார்ந்து யோசித்துக் கடைசியில் பாட்டைக் கொடுத்தார்கள். பதினாலு வருஷம் முன்னால் நம் ஆட்கள் அதையே யோசித்ததைத்தான் நாம் இட்லிப் பானை என்கிறோம்.

படத்தில் குறை இல்லையா என்றால், நிறைய. நடுவில் இழுவை. அங்கே காட்டுகிற விஞ்ஞானத்தை என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பரிட்சையில் எழுதியிருந்தால் சுழித்திருப்பேன். பாட்டுச் சொல்லித்தரக் கூப்பிடுகிற பெண்ணிடம் "வருகிறாயா அம்மா" என்று ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கிக்கொண்டு போவதும் எனக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்லித் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். அட்டை தெரிகிறது என்று திட்டாதீர்கள்.

ஏனென்றால் அட்டை எங்களுக்கும் தெரிந்தது! எதைக் காட்டினாலும் நம்பினார்களாம். நான் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்பது வயசு. 1969, நிலாவில் மனிதன் இறங்கிய வருஷம். ஆற்றுக்கு அங்கிட்டு ஒரு டூரிங் டாக்கீஸில் மறுபடி போட்டிருந்தார்கள். அப்பா மில் தொழிலாளி. ஷிப்ட் முடிந்து, பஞ்சுத்தூசி தலையில் அப்படியே இருக்க, எங்கள் மூன்று பேரையும் வைகை மணலில் நடத்திக் கூட்டிப் போனார். தரை டிக்கெட். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தோம். விண்கலம் வந்தபோது எனக்குப் பின்னால் இருந்த ஒரு பாட்டி "அட்டையில செஞ்சுருக்கான்டி, நல்லாத்தேன் செஞ்சுருக்கான்" என்று சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. கைநாட்டுப் பாட்டி. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வாயைப் பிளந்து பார்த்தாள்.

இது நம் ஏரியாக்காரர்களுக்குப் புரியாததா? ஒவ்வொரு ஆவணியிலும் நம் புட்டுத்தோப்புக்கு சுவாமியும் அம்மனும் வருகிறார்கள். வந்திக் கிழவிக்காக சுவாமி மண் சுமக்கிறார், பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான், அந்த அடி உலகத்தில் எல்லோர் முதுகிலும் விழுகிறது. மண்வெட்டி யார் கையில் இருக்கிறது, கூடையை யார் தூக்குகிறார்கள் என்று கூட்டத்தில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்துதான் கண்ணில் தண்ணீர் வைக்கிறோம். அங்கே வந்து நின்று யாராவது லாஜிக் கேட்பீர்களா? கேட்டுப் பாருங்கள், உங்கள் அம்மாவே வெளுத்துவிடுவார்.

படம் முடிந்து திரும்பி வரும்போது அப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். "அம்புட்டு தூரத்துலருந்து நம்ம பாட்டக் கேக்க வந்துருக்கான் பாத்தியா" என்றார். அவ்வளவுதான். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. எட்டு மணி நேரம் நூல் இயந்திரத்தின் சத்தத்தில் நின்றுவிட்டு வந்த மனுஷர். அந்தச் சத்தத்தில் காது பாதி போயிருந்தது. அவருக்கு அந்தப் படத்தில் பிடித்தது அந்த ஒரு விஷயம். அதனால்தான் நாற்பது சிரிப்புப் பொம்மைகளைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஆகிவிட்டது. நீங்கள் அவரைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. தெரியாமல் செய்தது, தெரியும். இருந்தாலும்.

இப்போது என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தப் பதிவு யோக்கியமாக இருக்காது.

1986-ல் 'விக்ரம்' வந்தது. 2022-ல் வந்தது இல்லை, பழையது. சுஜாதா எழுதியது, குமுதத்தில் தொடராகவும் வந்தது. 'அக்னி புத்திரன்' என்று ஒரு ஏவுகணை, சலாமியா என்று ஒரு கற்பனை நாடு, கம்ப்யூட்டர் தெரிந்த பெண்ணாக லிசி. நம் நாட்டின் நிஜமான அக்னி ஏவுகணை முதல் முறை பறந்தது 1989 மே மாசம், படம் வந்து மூன்று வருஷம் கழித்து! நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆன டீச்சர். கையில் டிப்ளமோவும் பிரம்பும். ஆறாம் வகுப்பில் ஒரு பையன் அறிவியல் நோட்டின் கடைசி எட்டுப் பக்கத்திலும் ராக்கெட் வரைந்திருந்தான். சிகரெட் அட்டையில் சின்னச் சின்னக் கட்டம் போட்டு எழுத்து எழுதி கீபோர்டு மாதிரி ஒன்று செய்து நோட்டுக்குள் வைத்திருந்தான். எங்கள் பள்ளியில் யாரும் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை, நான் உட்பட. நான் என்ன செய்தேன்? அதை வகுப்புக்கு முன்னால் தூக்கிக் காட்டி, "ஐயா கமலஹாசன் வந்திருக்காரு, இலைச்சருகு மாதிரி ராக்கெட் போட்டிருக்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அட்டையைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். அவன் அழவில்லை. அதற்கப்புறம் நோட்டில் எதுவும் வரையவும் இல்லை. ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டான், வீட்டுக் கஷ்டம். என்னால்தான் நின்றான் என்று சொல்லவில்லை. ஆனால் சிரித்தது நான்.

ஒன்பது வயசில் மணல் மேட்டில் உட்கார்ந்து வாய் பிளந்தவள், இருபத்தாறு வயசில் இன்னொரு பிள்ளையின் அட்டையைக் கிழித்தேன். அதனால் உங்களைத் திட்ட எனக்கு முழு யோக்கியதை இல்லைதான். பாதி யோக்கியதையில் திட்டுகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு கோபமும் பாக்கி. தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931. இன்று பார்க்க ஒரு பிரதி கிடையாது. அதற்கும் முன்னால் 1918 வாக்கில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசகவதம்' ஊமைப்படம், அதுவும் இல்லை. பிரெஞ்சுக்காரர்களைப் பாருங்கள். மெலியே என்பவர் 1902-ல் நிலாவுக்குப் போவதாக ஒரு படம் எடுத்தார். நிலாவின் கண்ணில் ஒரு குண்டு போய்ச் சொருகும், அதைவிட அட்டை எங்கும் கிடையாது. கையால் வண்ணம் பூசிய அதன் பிரதியை வருஷக்கணக்கில் உட்கார்ந்து சரிசெய்து, 2011-ல் கான் விழாவில் போட்டார்கள். நாம் படத்தையும் தொலைத்தோம், தியேட்டரையும் தொலைத்தோம். ஆசியாவிலேயே பெரிசு என்று பீற்றிக்கொண்ட, 1952-ல் பராசக்தியோடு திறந்த நம் தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் இன்று துணிக்கடை. போன தீபாவளிக்கு நானும் அங்கேதான் சேலை எடுத்தேன், அது வேறு விஷயம்.

சரி, போதும். கண் வலிக்கிறது, பேத்தி போனைக் கேட்கிறாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் வீட்டு மாடியில், பேத்தியின் உபயத்தில், கலை அரசி முழுப்படம் போடுகிறோம். வெட்டின ஒரு நிமிஷம் இல்லை, முழுசாக. என் தங்கச்சி மகனே, நீதான் முதலில் வர வேண்டும், வரும்போது முறுக்கு வாங்கிக்கொண்டு வா. சிரிக்க வேண்டிய இடத்தில் தாராளமாகச் சிரிக்கலாம், நானும் சிரிப்பேன்.

1986-ல் என்னிடம் ஆறாம் வகுப்புப் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால், எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். பெயரை இங்கே போட வேண்டாம். கடைசி பெஞ்சு, ஜன்னல் ஓரம், இடது கையால் எழுதுவான்.