முகவரி காட்டாத சர்வர்கள்: பொறுப்பேற்பது யார்?

புது தில்லி: இணையதளத்தின் பெயரைத் தட்டச்சு செய்தவுடன் அதற்குரிய எண் முகவரியைத் தேடித் தருபவை டிஎன்எஸ் சர்வர்கள். இவை பழுதானால், தளம் நல்ல நிலையில் இருந்தாலும் பயனாளரால் அதை அடைய முடியாது.

2021 அக்டோபர் 4-ம் தேதி இரவு இதுவே நிகழ்ந்தது. பராமரிப்புப் பணியில் பிறப்பிக்கப்பட்ட ஒரு தவறான கட்டளையின் விளைவாக ஃபேஸ்புக் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்கள் இணையத்தின் பார்வையிலிருந்து மறைந்தன. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் சேவைகளும் சுமார் 6 மணி நேரம் முடங்கின. வாட்ஸ்அப் மூலமே ஆர்டர் பெறும் சிறு வணிகர்களுக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. 2025 அக்டோபர் 20-ம் தேதி அமேசான் நிறுவனத்தின் வர்ஜீனியா தரவு மையங்களில் நேரிட்ட டிஎன்எஸ் கோளாறு, உலகெங்கும் பல செயலிகளை முடக்கியது.

இரண்டுமே வெளியார் தாக்குதல் அல்ல. நிறுவனங்களின் சொந்தப் பிழைகள். நமது விதிகளின் இடைவெளி இங்குதான் உள்ளது. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின்படி, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதன் பட்டியலில் டிஎன்எஸ் சர்வர்கள் மீதான தாக்குதல் உண்டு. பராமரிப்புப் பிழை தனியே குறிப்பிடப்படவில்லை. தெரிவிக்க வேண்டியதும் அரசிடமே தவிர, பாதிக்கப்பட்டவரிடம் அல்ல.

எதிரியைத் தேடும் சட்டம், கவனக்குறைவையும் கணக்கில் கொள்ள வேண்டாமா? தகவல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு எழுப்ப வேண்டிய கேள்வி இது.