குடிநீரில் ஃபுளோரைடு: கொதிக்க வைத்தால் போகுமா?

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வராத நாளில் போர்வெல் தண்ணீரைக் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா, 'நானோ' வடிகட்டி வாங்கலாமா என்று பென்னாகரம் பக்கத்து வாசகர் கேட்டிருக்கிறார்.

காய்ச்சுவது வீண். தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு தங்கி இன்னும் செறிவாகும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைத் தொடர்ந்து குடித்தால் பிள்ளைகளுக்குப் பல் பழுப்பேறும், பிறகு மூட்டும் எலும்பும் இறுகும்.

எலும்பிலுள்ள தாது ஹைட்ராக்சி அபடைட். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த இதில்தான் ஃபுளோரைடு போய் ஒட்டுகிறது. அதே தாதுவை நானோ துகளாகச் செய்து நீரிலுள்ள ஃபுளோரைடைப் பிடிக்கும் ஆய்வைக் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தார் 2008-இல் வெளியிட்டனர். கால்சியம் இருக்கும் சில இடங்களில் அலுமினியம் போன்ற உலோக அயனியைப் புகுத்தினால் துகளின் மேற்பரப்பில் நேர்மின்னேற்றம் கூடும். எதிர்மின்னேற்றமுள்ள ஃபுளோரைடு கூடுதலாக ஒட்டும். வெறும் கலப்படமல்ல இது, படிகத்துக்குள்ளேயே ஆள் மாறுவது.

சிக்கலும் அதில்தான். புகுத்திய அலுமினியம் நீரில் கசியக்கூடும். துகள் நிரம்பிய பின் ஃபுளோரைடு அப்படியே கடந்து வரும். நிறமோ ருசியோ காட்டிக்கொடுக்காது. ஆகவே, சோதனைச் சான்று காட்டாத வடிகட்டிக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

2013 முதல் வரும் காவிரி நீரைக் குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும் மூடிய குடங்களில் பிடித்து வைக்கட்டும். துணிக்கும் பாத்திரத்துக்கும் போர்வெல் போதும். அந்தத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது.