எச்சரிக்கையும் ஒரு கேள்வியே

2021 பிப்ரவரி 12 அன்று, சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய செய்தி வரும்போதெல்லாம், மருந்து அறைகளில் உணரிகளைப் பொருத்தலாகாதா என்ற கேள்வி எழுகிறது. பொருத்தலாம். உராய்வில் நொடிப்பொழுதில் தெறிக்கும் பொறியை எந்த உணரியும் முந்தாது. ஆனால் அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் கலந்த மருந்து ஈரம்பட்டு மெல்லச் சூடேறுவதை அது காட்டக்கூடும். அதற்கு, உணரியை இயக்கும் நிரல் நம்பத்தக்கதாக இருக்கவேண்டும்.

சிற்றுணரிகளுக்காக பெர்க்லியில் உருவான டைனிஓஎஸ், நெஸ்சி என்னும் மொழியில் அமைந்தது. அதில் நிரலின் கூறுகளைக் கம்பியிட்டு இணைப்பதுபோல் ஒன்றோடொன்று இணைக்கிறோம். வெப்ப அளவைக் கேட்கும் ஒரே அழைப்பை இரு கூறுகளுக்கு இணைத்துவிட்டால் விடைகள் இரண்டு வரும், பெறுமிடமோ ஒன்றுதான். இவ்விரண்டையும் ஒன்றாக்கும் விதி இல்லையே என்று கம்பைலர் எச்சரிக்கும். எச்சரித்துவிட்டு, நிரலையும் ஆக்கித் தந்துவிடும். ஒரு விடை மற்றதை விழுங்கிவிடும். எது எஞ்சும் என்பது நம் கையில் இல்லை.

இவ்வெச்சரிக்கையைக் கண்டதும் முதலில் பார்க்கவேண்டியது, இரண்டாம் இணைப்பு நாம் விரும்பி எழுதியதா, கவனமின்றி நேர்ந்ததா என்பதை. கவனமின்றி நேர்ந்ததெனில் நீக்கிவிடலாம். விரும்பியதெனில், விடையின் தரவு வகைக்கு ஓர் இணைப்பு விதியை நாமே எழுதவேண்டும். டைனிஓஎஸ் 2 தன் பிழைக்குறி வகைக்கு அப்படியொரு விதியை வைத்திருக்கிறது: இரு விடைகளும் ஒத்திருந்தால் அதுவே முடிவு, வேறுபட்டால் தோல்வி. ஒருவர் மறுத்தாலும் சரியில்லை என்றே கொள்ளும் அவ்விதி, வெடிமருந்தின் அருகே பணிபுரிவோருக்குப் பொருத்தமான அறம்.

வெப்ப அளவுக்கு எந்த விதி? சராசரி எடுத்தால், ஒரு மூலையில் ஏறும் சூட்டை மறுமூலையின் குளிர்ச்சி மறைத்துவிடும். ஆகவே இரண்டில் பெரியதைக் கொள்வதே தகும் என்பது நம் கருத்து. இதைக் கம்பைலர் அறியாது. நகரத்தில் அமர்ந்து நிரல் எழுதுபவரும் அறியார். மருந்து கலக்கும் கைகளே அறியும். அவர்களைக் கேட்டு விதி எழுதுங்கள்.

எச்சரிக்கைகளைப் பிழைகளாகவே கருதி, ஒன்றுகூட எஞ்சாதவரை அந்நிரலை மருந்து அறைக்குள் அனுப்பாதிருப்போம். ஓடுகிறது என்பதால் மட்டும் ஒரு நிரல் சரியானதாகிவிடாது; நேற்று வெடிக்கவில்லை என்பதால் ஓர் அறை பாதுகாப்பானதாகிவிடாததைப் போல.